மாமல்லபுரத்தில் சூரியன், செங்கல்பட்டில் நெப்டியூன்

உங்கள் பாடநூலில் சூரியக் குடும்பத்தின் படம் ஒன்று இருக்கும். இடது ஓரத்தில் பெரிய மஞ்சள் வட்டம். அதையடுத்துப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று எட்டுக் கோள்களும் மணி கோத்தது போல வரிசையாக நிற்கும். பார்க்க அழகான படம்தான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. கோள்களின் வரிசை சரி. அவற்றின் தூரம் சரியல்ல.

படம் வரைந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான அளவில் வரைய அவர் முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்தின் அகலம் 15 செ.மீ. என்று கொள்வோம். ஒரு ஓரத்தில் சூரியன். மறு ஓரத்தில் கடைசிக் கோளான நெப்டியூன். அப்போது சூரியனிலிருந்து 2 மி.மீ. தூரத்தில் புதன் வரும். பூமி 5 மி.மீ. தூரத்தில் வரும். முதல் நான்கு கோள்களும் 8 மி.மீ. இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சூரியனின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான்! பூமியைக் கண்ணால் காணவே முடியாது.

ஆகவே, காகிதம் போதாது. நமக்கு ஒரு சாலை வேண்டும். அதற்கென்றே அளந்து போட்டது போன்ற ஒரு சாலை தமிழ்நாட்டில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் தொடங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் சாலைதான் அது. அதன் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த 30 என்ற எண்ணில் என்ன விசேஷம் என்பதை இப்போது பார்ப்போம்.

15 கோடியை 1 ஆக்குவோம்

சூரியனிலிருந்து பூமியின் சராசரி தூரம் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர். நம் வசதிக்காக 15 கோடி என்று வைத்துக்கொள்வோம். வானியலார் இந்தத் தூரத்தையே ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதற்கு 'வானியல் அலகு' என்று பெயர். துணிக்கடைக்காரர் மீட்டரால் அளப்பது போல, அவர்கள் சூரியக் குடும்பத்தை இந்த அலகால் அளக்கிறார்கள்.

மற்றக் கோள்களின் தூரத்தை இந்த அலகுக்கு மாற்றுவது எளிது. கோடிக் கிலோமீட்டரில் உள்ள தூரத்தை 15ஆல் வகுத்தால் போதும்.

புதன்: 5.8 ÷ 15 = 0.39
வெள்ளி: 10.8 ÷ 15 = 0.72
பூமி: 15 ÷ 15 = 1
செவ்வாய்: 22.8 ÷ 15 = 1.52
வியாழன்: 78 ÷ 15 = 5.2
சனி: 143 ÷ 15 = 9.5
யுரேனஸ்: 287 ÷ 15 = 19.1
நெப்டியூன்: 450 ÷ 15 = 30

கடைசி எண்ணைப் பாருங்கள். நெப்டியூனின் தூரம் 30 அலகு. நம் சாலையின் நீளம் 30 கிலோமீட்டர். ஒரு வானியல் அலகுக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சூரியக் குடும்பம் முழுவதும் இந்தச் சாலையில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது! வகுத்து வந்த விடைகளையே கிலோமீட்டராகப் படித்துக்கொள்ளலாம். சாலை ஆங்காங்கே வளைந்து போவது உண்மைதான். அதனால் சாலையின் வழியே அளந்த தூரத்தையே நாம் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

கடற்கரைக் கோயிலிலிருந்து புறப்படுவோம்

சூரியனை மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் அருகே வைப்போம். அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நம் அளவில் 15 கோடி கி.மீ. என்பது 1,000 மீட்டர். அப்படியானால் 1 மீட்டர் என்பது 1.5 லட்சம் கி.மீ.; 1 சென்டிமீட்டர் என்பது 1,500 கி.மீ. சூரியனின் விட்டம் சுமார் 13.9 லட்சம் கி.மீ. இதை 1.5 லட்சத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 9.3 மீட்டர் வருகிறது. கடற்கரைக் கோயிலின் உயரம் சுமார் 60 அடி. நம் சூரியப் பந்து அதில் பாதி உயரம் இருக்கும்.

இனி மேற்கு நோக்கி நடப்போம். 390 மீட்டரில் புதன் வந்துவிடும். அதன் விட்டம் 3.3 செ.மீ.; ஒரு சிறிய எலுமிச்சம்பழம். 720 மீட்டரில், ஏறக்குறைய அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் பக்கத்தில், வெள்ளி. 1 கிலோமீட்டரில் நமது பூமி. பூமியின் விட்டமான 12,756 கி.மீ.ஐ 1,500ஆல் வகுத்துப் பாருங்கள். 8.5 செ.மீ.! ஓர் ஆரஞ்சுப் பழம். மலையும் கடலும் காடும் நாடுகளும் எல்லாம் அந்த ஆரஞ்சின் தோலில் அடக்கம். அதிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு நெல்லிக்காயை வையுங்கள். அதுதான் சந்திரன். மனிதன் இதுவரை போய்க் கால் வைத்த மிகத் தொலைவான இடம் அந்த நெல்லிக்காய்தான்.

ஒன்றரைக் கிலோமீட்டரில் 4.5 செ.மீ. விட்டமுள்ள செவ்வாய். ஆக, நான்கு கோள்களும் மாமல்லபுரத்திலும் அதன் விளிம்பிலுமே முடிந்துவிட்டன. இனிமேல் நடந்தால் கால் வலிக்கும், பேருந்தில் ஏறிக்கொள்வோம்.

பூஞ்சேரியைத் தாண்டி 5.2 கிலோமீட்டரில் வியாழன். அதன் விட்டம் 95 செ.மீ. ஒரு சிறுவன் கட்டிப்பிடிக்கத் திணறும் அளவு பெரிய பந்து. 9.5 கிலோமீட்டரில் சனி, 80 செ.மீ. அதன் பிறகு ஜன்னல் வழியே எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு கோளும் வராது. சாலையின் பாதித் தூரத்தில் திருக்கழுக்குன்றம் வந்து, மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலும் தெரிந்துவிடும். ஆனால் அடுத்த கோள் இன்னும் வந்திருக்காது. திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மேலும் நான்கு கிலோமீட்டர் போன பிறகுதான், ஒரு நடுத்தரப் பூசணிக்காய் அளவில், 34 செ.மீ. விட்டத்தில் யுரேனஸ் வரும். பிறகு மீண்டும் சுமார் 11 கிலோமீட்டர் வெறும் இடம். செங்கல்பட்டில் இறங்கினால் நெப்டியூன், 33 செ.மீ. அதுவும் ஒரு பூசணிக்காய்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 30 கிலோமீட்டர் சாலையில் எட்டே எட்டு உருண்டைகள். சாலையின் முதல் பாதியில் ஆறு. இரண்டாம் பாதியில் இரண்டே இரண்டு. சூரியக் குடும்பத்தில் மிகுதியாக இருப்பது வெறும் வெளிதான். பாடநூலின் படத்தில் இதைக் காட்ட முடியாது. ஒரு வகுத்தல் கணக்கு காட்டிவிடுகிறது.

சைக்கிளிடம் தோற்கும் ஒளி

ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கி.மீ. செல்கிறது. சூரியனிலிருந்து பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? 15 கோடியை 3 லட்சத்தால் வகுத்தால் 500 வினாடி. அதாவது 8 நிமிடம் 20 வினாடி.

நம் சாலையில் அந்தத் தூரம் 1 கிலோமீட்டர் மட்டுமே. 1,000 மீட்டரை 500 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். மணிக்கு 7.2 கிலோமீட்டர். வேகமாக நடப்பவரைவிடச் சற்று அதிகம். மெதுவாகச் சைக்கிள் மிதிப்பவர்கூட முந்திவிடுவார்! உலகிலேயே எதுவும் முந்த முடியாத ஒளி, இந்த அளவில் அப்படித்தான் ஊர்ந்து போகிறது. மாமல்லபுரத்தில் கிளம்பிய ஒளி செங்கல்பட்டை அடைய 30 × 500 = 15,000 வினாடி, அதாவது 4 மணி 10 நிமிடம் பிடிக்கும். நெப்டியூனில் சூரியன் காலை 6 மணிக்கு அனுப்பிய ஒளி 10 மணி 10 நிமிடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

அமெரிக்காவின் வாயேஜர்-2 விண்கலம் 1977 ஆகஸ்டில் பூமியிலிருந்து கிளம்பியது. அது நெப்டியூனை நெருங்கியது 1989 ஆகஸ்டில். பூமி இருக்கும் முதல் கிலோமீட்டர் கல்லிலிருந்து செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர அதற்கு 12 ஆண்டுகள் ஆயின.

திருக்கழுக்குன்றம் சொல்லும் தூரம்

இந்தத் தூரங்களை எல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். சூரியனுக்கு யாரும் நாடா பிடித்து அளக்கப் போகவில்லை. விடையின் ஒரு பகுதி நம் சாலையின் நடுவிலேயே இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தம் என்ற பெரிய குளம் உண்டு. அங்கே 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரு என்று நாம் அழைக்கும் வியாழன் கன்னி ராசிக்கு வரும்போது, புஷ்கர விழா நடக்கும். 2016இல் அது நடந்தது. கும்பகோணத்து மகாமகமும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதுதான். அது வியாழன் சிம்ம ராசியில் இருக்கும்போது வருவது. ஏன் 12? வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. ராசிகள் பன்னிரண்டு. ஆகவே அது வானத்தை ஒருமுறை சுற்றிவர 12 ஆண்டுகள் ஆகின்றன. நம் முன்னோர் இரவுதோறும் வானத்தைக் கண்ணால் பார்த்துக் கண்ட கால அளவு இது.

1619இல் ஜெர்மானிய வானியலார் கெப்ளர் ஒரு விதியை வெளியிட்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்றும் காலத்தை ஆண்டுகளில் எழுதி, அதை வர்க்கப்படுத்துங்கள். அந்தக் கோளின் சராசரி தூரத்தை வானியல் அலகில் எழுதி, அதன் கனத்தைக் காணுங்கள். இரண்டும் சமமாக இருக்கும். இதுதான் விதி.

வியாழனுக்குப் போட்டுப் பார்ப்போம். 12 × 12 = 144. எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 144 வரும்? 5 × 5 × 5 = 125; போதாது. 6 × 6 × 6 = 216; மிக அதிகம். 5.2ஐ முயன்றால் 140.6, 5.3ஐ முயன்றால் 148.9. ஆகவே விடை 5.2க்குச் சற்று மேல். நாம் வகுத்தலில் பெற்ற விடையும் 5.2தானே! சிறு வேறுபாடு ஏன் என்றால், வியாழனின் சரியான சுற்றுக்காலம் 11.86 ஆண்டு. அதன் வர்க்கம் 140.7. இப்போது 5.2 கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்தது சனி. 'ஏழரைச் சனி' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சனி மூன்று ராசிகளைக் கடக்கும் காலம்தான் அந்த ஏழரை ஆண்டு. அப்படியானால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. பன்னிரண்டு ராசிக்கு 12 × 2.5 = 30 ஆண்டு. 30இன் வர்க்கம் 900. 9.6இன் கனம் 884.7, 9.7இன் கனம் 912.7. ஆகவே சனியின் தூரம் சுமார் 9.65 அலகு. சரியான சுற்றுக்காலமான 29.5 ஆண்டைக் கொண்டு செய்தால் 9.5 அலகுக்கே வந்துவிடும். ஏழரைச் சனியால் துன்பம் வரும் என்பது நம்பிக்கை. அதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை. ஆனால் அந்த ஏழரை என்ற எண்ணுக்குள் சனியின் தூரம் ஒளிந்திருப்பது உண்மை.

விகிதம் தெரியும், தூரம் தெரியாது

கெப்ளரின் விதி ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வியாழன் பூமியைவிட 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லாது. அளவுக் குறிப்பு கிழிந்துபோன ஒரு தேசப்படத்தைப் போன்ற நிலை அது. எந்த ஊர் எங்கே என்று தெரியும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை மைல் என்று தெரியாது. ஏதாவது ஓர் இடைவெளியை மட்டும் அளந்துவிட்டால் போதும். மற்றவை எல்லாம் பெருக்கலில் வந்துவிடும். அந்த ஓர் எண்ணுக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரல் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக மாறும். வெள்ளிக்கோள் அபூர்வமாகச் சில சமயம் சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும். இதற்கு வெள்ளி இடைநகர்வு என்று பெயர். அப்போது பூமியின் இரு தொலைவான ஊர்களிலிருந்து பார்த்தால், அந்தப் புள்ளி சற்று வேறு வேறு இடத்தில் தெரியும். அந்த வேறுபாட்டைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்று ஆங்கில வானியலார் ஹாலி கூறினார். 1761இலும் 1769இலும் நிகழ இருந்த இடைநகர்வுகளைக் காண, வானியலார் உலகின் மூலைமுடுக்கெல்லாம் புறப்பட்டுப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரரான லெ ஜான்தீ. அவர் தேர்ந்தெடுத்த ஊர் பாண்டிச்சேரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர். 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். ஆனால் அப்போது நடந்த போரில் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு துல்லியமாக எதை அளப்பது?

அவர் நாடு திரும்பவில்லை. அடுத்த இடைநகர்வுக்கு எட்டு ஆண்டுகள் இந்தக் கடல் பகுதியிலேயே காத்திருந்தார். பாண்டிச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபின், அங்கே ஒரு வான்நோக்குக் கூடம் அமைத்துத் தயாரானார். 1769 ஜூன் 4 காலை. இடைநகர்வு நிகழும் நேரத்தில் மேகம் திரண்டு சூரியனை மறைத்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் வானம் வெளுத்தது. 1771இல் அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். சொத்தைப் பங்கு போடும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் மற்றவர்கள் கொண்டுவந்த அளவுகள் வீண்போகவில்லை. அவற்றைத் தொகுத்துப் பிரெஞ்சு வானியலார் லலாண்ட் 1771இல் கண்ட விடை சுமார் 15.3 கோடி கி.மீ. உண்மை அளவு 14.96 கோடி. நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே பிழை!

கழித்தல், பெருக்கல், வகுத்தல்

1961இல் இந்த எண்ணை வேறொரு வழியில் மிகத் துல்லியமாகக் கண்டார்கள். வெள்ளியை நோக்கி ரேடார் அலையை அனுப்பி, அது மோதித் திரும்பிவரும் நேரத்தை அளந்தார்கள். அந்தக் கணக்கை நீங்களே போடலாம்.

வெள்ளி நமக்கு மிக அருகில் வரும்போது தூரம் எத்தனை அலகு? 1 − 0.72 = 0.28 அலகு. ரேடார் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 280 வினாடி ஆகிறது. போவதற்கு மட்டும் 140 வினாடி. ரேடார் அலையும் ஒளியின் வேகத்திலேயே செல்வது. ஆகவே தூரம் 140 × 3 லட்சம் = 4.2 கோடி கி.மீ.

0.28 அலகு என்பது 4.2 கோடி கி.மீ. என்றால், 1 அலகு என்பது 4.2 ÷ 0.28 = 15 கோடி கி.மீ.

லெ ஜான்தீ பதினோரு ஆண்டுகள் அலைந்து தேடிய எண் இதுதான். ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். இந்த எண் கிடைத்ததும் தேசப்படத்தின் கிழிந்த மூலை ஒட்டப்பட்டுவிட்டது. சனிக்கு 9.5 × 15. நெப்டியூனுக்கு 30 × 15. எல்லாக் கோள்களும் கிலோமீட்டரில் தத்தம் இடத்தில் போய் நின்றுகொண்டன.

நீங்களே செய்து பாருங்கள்

1. புளூட்டோ 2006 முதல் குறுங்கோள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதன் சராசரி தூரம் 39.5 அலகு. செங்கல்பட்டைத் தாண்டிக் காஞ்சிபுரம் சாலையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போனால் அதைப் பிடிக்கலாம்?

2. சீரிஸ் என்ற குறுங்கோள் சூரியனைச் சுற்ற 4.6 ஆண்டுகள் ஆகின்றன. கெப்ளரின் விதிப்படி அதன் தூரம் என்ன? நம் சாலையில் அது எந்த இரு கோள்களுக்கு நடுவே வரும்?

3. சூரிய ஒளி வியாழனை அடைய எவ்வளவு நேரம் ஆகும்?

4. உங்கள் பள்ளி மைதானத்தின் நீளம் 60 மீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு கோடியில் சூரியன், மறு கோடியில் நெப்டியூன். ஓர் அலகுக்கு எத்தனை மீட்டர்? சூரியனின் விட்டம் எவ்வளவு? பூமியின் விட்டம் எவ்வளவு?

5. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனின் தூரம் 4.24 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு சுமார் 63,000 வானியல் அலகு. நம் சாலையின் அளவில் அந்த விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

விடைகள்

1. 9.5 கி.மீ. 2. 4.6இன் வர்க்கம் 21.16; தூரம் சுமார் 2.77 அலகு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே. 3. 2,600 வினாடி, அதாவது 43 நிமிடம் 20 வினாடி. 4. அலகுக்கு 2 மீட்டர். சூரியன் சுமார் 19 மி.மீ., ஒரு கோலிக்குண்டு, பூமி 0.17 மி.மீ., கூர்மையான பென்சிலால் வைத்த ஒரு புள்ளி. 5. சுமார் 2.67 லட்சம் கி.மீ. செங்கல்பட்டோடு நெப்டியூன் முடிந்துவிட்டது. அடுத்த விண்மீனைத் தேடி உலகத்தையே ஆறரை முறைக்கு மேல் சுற்ற வேண்டும்!